சாயமே போடாம துணிக்கு கலர் எப்படி வருது?

சாயம் என்ன பண்ணும்னா, அதோட மூலக்கூறு வெளிச்சத்துல ஒரு பகுதியை முழுங்கிடும், மிச்சம்தான் நம்ம கண்ணுக்கு கலரா தெரியும். வெயில்ல அந்த மூலக்கூறு உடைஞ்சா துணி வெளுத்துடும். ஸ்ட்ரக்சுரல் கலர்ல, அதாவது சாயம் இல்லாம பொருளோட நுண்ணிய அமைப்பாலயே வர்ற நிறத்துல, இந்த முழுங்கற வேலையே கிடையாது. பாலிஸ்டைரீன் மாதிரி நிறமே இல்லாத பிளாஸ்டிக்கை குட்டிக்குட்டி உருண்டையாக்கி, தண்ணில கலந்து துணி மேல ஸ்ப்ரே பண்ணி காயவிடுறாங்க, காயக்காய உருண்டைங்க தானாவே வரிசையா அடுக்கிக்கும், அந்த ஒவ்வொரு அடுக்குல இருந்தும் திரும்பி வர்ற ஒளி அலைகள்ல ஒரு நிறம் மட்டும் ஒண்ணுசேர்ந்து பலமாகும், மத்ததெல்லாம் உள்ள ஊடுருவிப் போயிடும். எந்த நிறம்ங்கறது உருண்டை சைஸைப் பொறுத்தது. 200 நானோமீட்டர்னா (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) நீலம், 220, 230 வந்தா பச்சை, 270-ஐ தாண்டினா சிவப்பு.

இதையே வெள்ளைத் துணில அடிச்சா சப்புன்னு இருக்கும். ஏன்னா உள்ள போன மத்த நிறமெல்லாம் துணில பட்டு சிதறித் திரும்பி வந்து கலரை அமுக்கிடும். கருப்புத் துணின்னா அதையெல்லாம் குடிச்சிடும், நீலம் பளிச்னு நிக்கும். சாயமே வேணாம்னு கிளம்பிட்டு அடியில கருப்பு போட வேண்டியிருக்கு, அதுதான் வேடிக்கை!

உண்மையான சிக்கல் ஒட்டறதுலதான். உருண்டைங்க சும்மா தொட்டுக்கிட்டுதான் இருக்கு, கையால தேய்ச்சா உதிரும். சரின்னு பசையை ஊத்தினா நடுவுல இருக்கற காத்து போயிடும். ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள்ள ஒளி எவ்வளவு மெதுவாகுதுங்கற அளவு, காத்துக்கு 1, பாலிஸ்டைரீனுக்கு 1.59, இந்த வித்தியாசம்தான் கலரே, இடைவெளி ரொம்பினா அது குறைஞ்சு கலரும் செத்துடும். மயிலிறகை நனைச்சா நிறம் போயிடுதுன்னு 1665-லயே இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் எழுதி வச்சது இதே கதைதான். அதனால மெத்துன்னு ஒரு மேல்தோல் வச்ச உருண்டைங்களை செஞ்சு, சூடு காட்டி, தொடற இடத்துல மட்டும் ஒட்ட வைக்கப் பாக்கறாங்க.

ஜப்பான்ல டெய்ஜின் கம்பெனி வேற ரூட்ல போச்சு. மார்ஃபோடெக்ஸ்னு ஒரு இழை, பாலியெஸ்டரும் நைலானும் மாத்தி மாத்தி 61 அடுக்கு, அடுக்குக்கு 70 நானோமீட்டர் கிட்ட, எல்லாம் நூலுக்குள்ளயே. தேய்ச்சா உதிர ஒண்ணும் இல்ல, தண்ணி புகுறதுக்கு இடமும் இல்ல. ஆனா இந்த ரெண்டு பிளாஸ்டிக்குக்கும் ஒளிவிலகல்ல வித்தியாசம் கொஞ்சம்தான், அதான் அத்தனை அடுக்கு தேவைப்படுது, அத்தனையையும் தடிமன் பிசகாம ஒரே இழையில இழுத்தாகணும்.