போன வருஷம் செத்த கரப்பான் இந்த வருஷம் ஏன் சாகவில்லை?

மும்பையில் பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் இருக்கிறேன். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று நம் ஆட்கள் வீடுகளுக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "என்ன தம்பி, போன தடவை எல்லாம் செத்துச்சு, இப்ப ஒண்ணுகூடச் சாக மாட்டேங்குதே, டூப்ளிகேட் மருந்தா?" பெரும்பாலும் மருந்து அசல்தான், மாறியது கரப்பான்.

தனி ஒரு கரப்பான் தன் ஆயுளுக்குள் மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பான் கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் மரபணு ஏற்கெனவே இருக்கும். நாம் அடித்ததும் மற்றவை செத்துப்போக, சாப்பாட்டுக்கும் இடுக்குக்கும் போட்டியே இல்லாமல் அவை மட்டும் மிஞ்சும். ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டைகள், இரண்டு மூன்று மாதத்தில் அதே மரபணுவோடு அடுத்த தலைமுறை.

என்னை அசரவைப்பது இனிப்பு விஷயம்தான். அமெரிக்காவில் 1980-களில் இனிப்பில் விஷம் கலந்து வைப்பது பரவியது. 1990-களின் தொடக்கத்திலேயே குளுக்கோஸ் வாயில் பட்டால் பின்வாங்கும் கரப்பான்கள் வந்துவிட்டன. காரணத்தை 2013-ல் கண்டுபிடித்தார்கள்: அவற்றுக்குக் கசப்பை உணரும் நரம்பு செல்களே குளுக்கோஸுக்கும் தூண்டப்படுகின்றன. அதோடு முடியவில்லை. இணைசேரும் முன் ஆண் கரப்பான் தன் முதுகில் சுரக்கும் இனிப்பைப் பெண்ணுக்குக் கொடுக்கும், அதிலிருக்கும் மால்டோஸ் என்ற சர்க்கரை, குளுக்கோஸ் பிடிக்காத பெண்ணின் எச்சிலில் குளுக்கோஸாக மாறியதும் கசந்துபோய் அது விலகிவிடும். அப்புறம் பார்த்தால், இந்த வகை ஆண்களின் சுரப்பில் சர்க்கரைகளின் அளவே மாறியிருக்கிறது! நாம் வைத்த விஷம் ஒரு பூச்சியின் கல்யாணம் வரை போயிருக்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? சாகவில்லை என்று இரண்டு மடங்கு அடிக்காதீர்கள், அது தட்டிலும் தவழும் குழந்தையின் கையிலும்தான் படியும். பிராண்டை மட்டும் மாற்றியும் பலனில்லை. டப்பாவின் பின்பக்கம் மருந்தின் பெயரைப் பாருங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், இமிப்ரோத்ரின் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றைத் தாங்குவது பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அப்புறம் ஜெல்லைத் தின்னக் கரப்பான் அந்தப் பக்கமே வராது. ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், ஃபிரிட்ஜ் பின்னாலும் சிலிண்டருக்கு அடியிலும் சுத்தம் செய்யுங்கள், குழாய் நுழையும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். பட்டினிக்கும் அடைத்த சுவருக்கும் எதிர்ப்பு மரபணு உதவாது. பக்கத்து வீட்டில் செய்யாவிட்டால் குழாய் வழியாகத் திரும்ப வரும், அதனால் சொசைட்டி மீட்டிங்கில் பேசி எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஏற்பாடு செய்யுங்கள்.