அப்பா விட்டுச் சென்ற ஜீப்பில் பழுதை எங்கிருந்து தேடுவது?

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலும் சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், தந்தையோ தாத்தாவோ ஓட்டிய பழைய மகிந்திரா ஜீப்போ மாருதி ஜிப்ஸியோ இன்றும் பல வீட்டுக் கொட்டகைகளில் நிற்கிறது. அதை மீண்டும் ஓட்ட விரும்பி எங்கள் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் "இன்ஜின் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது, அப்பா இந்த வண்டியை எப்படி ஓட்டினார், எங்கே நிறுத்தினார், எதையெல்லாம் செய்யாமல் தவிர்த்தார் என்பதைத்தான்.

பல ஆண்டுகள் ஒரே கையில் இருந்த வண்டியின் குறைகளை அந்தக் கை பழகிக்கொண்டு விடுகிறது. பிரேக்கை இரண்டு முறை மிதித்த பிறகே வண்டி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். இரவில் சரிவில் மூக்கைக் கீழ்நோக்கி வைத்து நிறுத்தினால்தான் காலையில் உருட்டிக் கிளப்பலாம் என்பதும் தெரியும். அவர் மறைந்த பின் குறை மட்டும் வண்டியோடு தங்கிவிடுகிறது. அதைச் சமாளித்த பழக்கம் வாரிசுக்கு வருவதில்லை. ஆகவே அம்மாவிடமும், தோட்டத்து ஓட்டுநரிடமும், வழக்கமாகப் பழுது பார்த்த மெக்கானிக்கிடமும் விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்வதே பரிசோதனையின் முதல் படி என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது பிரேக். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் கிளம்பாத வண்டியால் நேரம் மட்டுமே வீணாகும், நிற்காத வண்டியால் உயிரே போகும். பெடலை அழுத்தி அப்படியே வைத்திருங்கள். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் பெடல் மெல்லக் கீழிறங்கினால், பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள் தேய்ந்து எண்ணெயை உள்ளேயே விடுகின்றன என்று பொருள். பஞ்சுபோல் மிருதுவாக இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயர்ந்து உறுதியாக நின்றால், பெரும்பாலும் உராய்ந்து நிறுத்தும் லைனிங்குக்கும் அது அழுந்தும் சக்கர டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கும். அப்பாவின் இரண்டு மிதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவும் சிறியதுதான்.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் டிரம்மைக் கழற்றி லைனிங் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் அது பிரேக் எண்ணெயா, அச்சிலிருந்து வரும் கியர் எண்ணெயா என்பதைப் பிரித்தறிய வேண்டும். தடித்து, கந்தக நெடி வீசினால் கியர் எண்ணெய். அப்போது மாற்ற வேண்டியது அச்சின் ஆயில் சீலை, லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரை அன்று. பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுக்கமாகவே நின்றால் அந்தச் சக்கரத்தில் எண்ணெயை வெளியே விடும் பிளீடர் நட்டைச் சற்றே திறக்கலாம். உடனே சக்கரம் விடுபட்டால், உட்புறம் ஊதிப்போன பழைய ரப்பர் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ அழுத்தத்தைத் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது. விடுபடாவிட்டால் டிரம்முக்குள் துரு ஏறி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய்க்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான தர அளவோ 140 டிகிரிதான். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் எண்ணெயோடு மலையிறங்கினால், பாதி வழியில் அது கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை போய்விடக்கூடும். மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான் உண்டு என்பதால், ஓரிடத்தில் ஏற்படும் கசிவு பிரேக் முழுவதையும் பறித்துவிடும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். சில பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், அந்த விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒரு டிரம்மில் இருக்கிறது. அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், கைப்பிரேக் போட்டிருந்தாலும் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் வழியாக மறுசக்கரம் உருளும், வண்டி நகர்ந்துவிடும். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் இந்த வண்டிகளின் அடியில் யாரும் நுழையக் கூடாது.

ஸ்டீரிங்கைப் பொறுத்தவரை, ஒருவர் ஸ்டீரிங் சக்கரத்தை இப்படியும் அப்படியும் சிறிதளவு திருப்ப, மற்றொருவர் கீழே நின்று எந்த இணைப்பு முதலில் ஆடுகிறது என்று கண்ணால் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கினால் டை ராடு எண்டு, கிங்பின் பேரிங், பட்டை ஸ்பிரிங்கின் புஷ் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அவற்றைப் பார்க்காமல் உதறலை அடக்கும் ஸ்டீரிங் டேம்பரை மட்டும் மாற்றித் தருவது பழுதை மறைக்கும் வேலை.

இன்ஜினைப் பற்றி இப்போது பேசலாம். உருட்டித்தான் கிளப்ப வேண்டும் என்ற பழைய டீசல் ஜீப்பில், சாவியைத் திருப்பும்போது நடப்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஸ்டார்ட்டர் தயங்கித் தயங்கிச் சுழன்றால் குற்றம் பேட்டரியிலோ, எர்த் வயரிலோ, ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது. நன்றாகச் சுழன்றும் புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை: டாங்கியின் அடியில் துரு, அடைத்த ஃபில்டர், அல்லது விரிசல் விட்ட குழாய் வழியே புகுந்த காற்று. நன்றாகச் சுழன்று வெண்புகை வந்தும் பிடிக்காவிட்டால் டீசல் வருகிறது, எரியவில்லை. டீசல் எரிய உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும் சோதிக்க வேண்டும். சேலத்து வெயிலில் உடனே கிளம்பும் வண்டி மார்கழிக் காலையில் மலைமேலுள்ள நாகலூரில் கிளம்ப மறுப்பதற்கு, பெரும்பாலும் ஹீட்டர் பிளக்கே காரணம்.

மலையேறும்போது லேசான கரும்புகை வந்தால் பதற வேண்டாம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு அந்த அளவுக்குக் காற்று போதாமல் போகும். சமதரையிலும் கரும்புகை தொடர்ந்தால் மட்டும் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ரேடியேட்டரில் வெளியே கசிவு இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பார்க்கலாம். விடாமல் குமிழ்கள் எழுந்தால் இன்ஜினின் தலைப்பகுதியை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்திருக்கும். அது ஏற்றத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஃபோர் வீல். இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்பர் கேஸ் இறுக்கமாகப் பிணைக்கிறது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுவதற்கு அதில் இடமில்லை. ஆகவே காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டினால் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறி, லீவர் திரும்ப வராது. அப்படிச் சிக்கிக்கொண்டால் லீவரை அடித்து இழுக்காமல், நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் இருந்தாலும் இதே முறுக்கு ஏறும். லீவர் விழுந்தும் முன்சக்கரம் இழுக்காவிட்டால், கியர் பெட்டியைப் பிரிக்கும் முன் இரு முன்சக்கரங்களையும் அச்சோடு பிணைக்கும் ஹப் லாக்குகளையும் திறந்து பாருங்கள். பழைய கிரீஸ் இறுகி ஒரு பக்க லாக் விழாமல் போனாலே போதும், முன் அச்சுக்கு வரும் விசை முழுவதும் அந்தப் பக்கம் வீணாகச் சுழன்று போய்விடும். லாக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புதிய கிரீஸை அளவாகத் தடவி மாட்டிய பிறகும் இழுக்கவில்லை என்றால்தான் டிரான்ஸ்பர் கேஸில் கை வைக்க வேண்டும்.