பதிவு எண்ணைப் பாருங்கள், அடுப்பையும் பாருங்கள்

ஐரோப்பா போக ஏற்பாடு செய்யச் சொல்லி வருகிற குடும்பங்களில் பாதிப் பேர், "ஹோட்டல் வேண்டாம் சார், சமையலறையோட வீடா பாருங்க" என்கிறார்கள். சைவக் குடும்பம், சர்க்கரை உள்ள பெரியவர், சின்னக் குழந்தை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஸ்பெயினில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆள் வருவதே ஒன்பது மணிக்கு மேல்தான். பசிக்கிற பிள்ளையை அதுவரை எப்படி உட்கார வைப்பது?

படத்தில் பால்கனி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் விளம்பரத்தில் பதிவு எண் (வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட அரசு தரும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் 2025 ஜனவரி முதல் ஒவ்வொரு சுற்றுலா வாடகை வீட்டுக்கும் சிஐஎன் என்ற தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளியிலும் அது இருக்க வேண்டும். மற்ற ஊர்களிலும் கட்டுப்பாடு உண்டு. பாரிஸில், தான் குடியிருக்கும் வீட்டை ஒருவர் ஆண்டுக்கு 90 நாள்தான் பயணிகளுக்கு விடலாம். பார்சிலோனாவோ சுமார் 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்திருக்கிறது. எண் இல்லாத வீட்டை உரிமையாளர் கடைசி வாரத்தில் ரத்து செய்தால், ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) காட்டிய முகவரியும் கையைவிட்டுப் போகும். "பணத்தை நேரா என் கணக்குக்கு அனுப்புங்க, குறைச்சுத் தர்றேன்" என்று செய்தி வந்தால் அந்த வீடே வேண்டாம்.

அடுத்தது அடுப்பு. இப்போது பல வீடுகளில் இண்டக்‌ஷன்தான். நம் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடி காந்தத்தில் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நெய், பால்கோவா, மைசூர்பாகு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடிவகைகள் போதும். கத்தரிக்காய், தக்காளி, தயிர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஸ்பெயின் கடைகளில் வேகவைத்த கொண்டைக்கடலையே கண்ணாடிப் புட்டியில் விற்கிறது. சுண்டலுக்கு அதைவிட என்ன வேண்டும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பச்சைப்புள்ளி அங்கே கிடையாது. பால், முட்டை, மீன் போன்ற 14 ஒவ்வாமைப் பொருள்களை உட்பொருள் பட்டியலில் தனித்துக் காட்டுவார்கள், பெரும்பாலும் தடித்த எழுத்தில். ஆனால் பன்றிக் கொழுப்பும், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அந்தப் பதினான்கில் வராது, சாதாரண எழுத்தில் நடுவே கிடக்கும். இத்தாலியப் பார்மஜானோ பாலாடைக்கட்டியை உறையவைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. பாஸ்தா மேல் தூவ வரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குகிறீர்கள் என்றால் மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். பால், ரொட்டி, பழத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.