லோன் கிடைத்ததாலேயே அது குடியிருக்கத் தகுந்த இடம் ஆகிவிடாது

"சார், இந்த வீட்டை இப்போது விற்றால் எவ்வளவு கிடைக்கும்?" பத்திரத்தின் மை காயாதவர்கள் இந்தக் கேள்வியோடு என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கடைசியாகக் கேட்டவர்கள் ஓர் இளம் தம்பதி. கோவையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் புது வீடு, இரண்டு சிறு குழந்தைகள். பள்ளி வேன் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. தெருவில் ஆளே இல்லை என்பது வேறு விஷயம். ஏன் அந்த இடத்தை எடுத்தீர்கள் என்றேன். "டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கிறது, பேங்க்கிலும் உடனே லோன் கொடுத்துவிட்டார்கள்" என்றார் கணவர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் தொழில். அதனால் அப்ரூவலும் லோனும் இருந்தால் இடம் நல்லது என்ற இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கி பார்ப்பது உங்கள் குடும்பம் அங்கே எப்படி வாழும் என்பதை அல்ல. நீங்கள் தவணை கட்டத் தவறினால் அந்த வீட்டை விற்றுத் தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதைத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 48 லட்சம் கடன் என்று வையுங்கள். நாளை அது 50 லட்சத்துக்குத்தான் போகிறது என்றால் வங்கிக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. போனது உங்கள் 10 லட்சம். அதோடு நீங்கள் கட்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் திரும்பி வராது. இடத்தில் குறை இருந்தால் முதலில் கரைவது உங்கள் பங்குதான்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் சுற்றுப்புறம் எப்படி, வெள்ளம் தேங்குமா, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிறுத்தம் பக்கத்தில் உண்டா என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதுவோம். 'பள்ளி 2 கி.மீ. தூரத்தில்' என்று நான் எழுதினால் அது உண்மைதான். அந்த இரண்டு கிலோமீட்டருக்கு நடுவில் பைபாஸ் இருக்கிறது, உங்கள் ஏழு வயது மகள் அதைக் கடக்க வேண்டும் என்று எழுதக் கட்டம் கிடையாது. மதிப்பீட்டுக் கட்டணம் உங்கள் பணம், அறிக்கை போவது வங்கிக்கு. நகல் கேட்டு வாங்கிப் படித்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

டிடிசிபி அப்ரூவலும் அப்படித்தான். அது கட்டாயம் வேண்டும். இல்லாத சைட்டைத் திரும்பியும் பார்க்காதீர்கள். ஆனால் அது சொல்வது ரோடு இத்தனை அகலம், பொது ஒதுக்கீடு இவ்வளவு என்ற வரைபடக் கணக்கு. பூங்கா போன்ற பொதுத் தேவைக்கென வரைபடத்தில் பச்சையடித்த ரிசர்வ் சைட்டை நேரில் போய்ப் பாருங்கள். பாதி இடங்களில் சீமைக்கருவேல முள். சில இடங்களில் யாரோ ஷெட் போட்டிருப்பார்கள். பெரிய லே-அவுட்டில் 10 சதவீத இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பத்திர எண்ணைக் கேளுங்கள். புரோக்கர் முகம் மாறினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர்கள் ஏன் ஞாயிறு காலையில் கூட்டிப்போகிறார்கள் என்று யோசித்ததுண்டா? லாரி குறைவு, பள்ளி நெரிசல் இல்லை, பக்கத்துக் கிரஷர் ஓடவில்லை. 'காந்திபுரத்துக்கு 20 நிமிடம்' என்பது அன்றைக்கு மட்டும் உண்மை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு ஒருமுறை வண்டி ஓட்டுங்கள். பிறகு வாரநாள் இரவு ஏழரைக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். சைட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பார்கள், உண்மையாகவே விற்றிருக்கும். வாங்கியவர்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருப்பார்கள். ஆள் குடிவராத லே-அவுட்டில் தெருவிளக்கு வராது, மளிகைக் கடை வராது, மினி பஸ் வராது. குழந்தைக்குத் துணையும் வராது.

காற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்குக் காற்று அடிக்கும் ஊர் நம்முடையது. கோழிப்பண்ணைக்கோ, நார் மில்லுக்கோ, வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்கோ கிழக்கே உள்ள சைட்டைத் தை மாதத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோமனூர், பல்லடம் பக்கம் வாங்குபவர்கள் தறிச் சத்தத்தை இரவில் போய்க் கேளுங்கள். குடிவந்த பிறகு தறிக்காரர் மேல் புகார் எழுதாதீர்கள். அவர் உங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர் அடிவாரம் அழகுதான், மறுக்கவில்லை. அங்கே இருட்டிய பிறகு யானை வரும். டியூஷன் முடிந்து குழந்தை எப்படித் திரும்பும் என்று யோசித்துவிட்டு அழகை ரசியுங்கள்.

தண்ணீருக்கு விளம்பரத்தை நம்ப வேண்டாம். அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள்: குழாயில் வருவது சிறுவாணி அணைத் தண்ணீரா, பில்லூர் அணைத் தண்ணீரா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, சப்பைத் தண்ணீர் (போர் தண்ணீர்) எத்தனை அடியில், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? ஐந்து நிமிடத்தில் என் அறிக்கையைவிட அதிகம் தெரிந்துவிடும். மழைத் தண்ணீர் ஓடும் பள்ளமும் ஓடையும் கிராம வரைபடத்தில் இருக்கும். சைட்டை ஒட்டி ஒரு பள்ளம் போகிறது என்றால் ஐப்பசி மழை பெய்த மறுநாள் போய் நில்லுங்கள்.

வாசல் கிழக்கா, வடக்கா என்று திசைகாட்டியோடு வருகிறார்கள். ஈசானி மூலையை அளக்கிறார்கள். சாக்கடை எந்தத் திசையில் போகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். வாஸ்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் கால்வாசி போதும் இதற்கு.

முடிந்தால் அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் வாடகை வீண் என்பார்கள். ஆறு மாத வாடகையையும் மேலே சொன்ன 10 லட்சத்தையும் ஒரே தாளில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உடனே விற்க ஓடாதீர்கள். குடியிருப்பவர்களில் ஏழு பேராவது சேர்ந்து ஒரு சங்கமாகப் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். ரிசர்வ் சைட், தெருவிளக்கு, குடிநீர் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனி மனு. அப்ரூவல் வரைபட நகலையும் தானப் பத்திர எண்ணையும் இணைக்க மறக்காதீர்கள். வெறும் போட்டோவை ஒட்டிக் கொடுத்தால் மனு ஊராட்சி அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும்.