ஓதம் அடித்த சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

செட்டிநாட்டின் பழைய வீடுகளை விருந்தினர் விடுதிகளாக மாற்றும் வேலை பெருகிவருவதைக் கட்டடப் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் வரவேற்கிறேன். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் 'வந்து பாருங்கள்' என்று அழைக்கப்படும் வீடுகளில் எல்லாம் ஒரே தவற்றையே பார்க்க நேர்வது சலிப்பூட்டுகிறது. சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்தவுடன், 'சுண்ணாம்பு செத்துவிட்டது' என்று தீர்ப்பளித்து, அதைக் கொத்தியெடுத்துச் சிமென்ட் பூசி, மேலே நீர்புகா ரசாயனமும் அடித்துவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு சாகவில்லை, தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அடித்தளத்தில் ஓதத் தடுப்பு இல்லாத அந்தக் கனத்த செங்கல் சுவர், மண்ணிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், இடுப்பளவில் நின்ற ஈரம் மேலேறி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த பழைய பூச்சைத் தள்ளத் தொடங்குகிறது. டைல் ஒட்டினாலும் பிளைவுட் பலகை அடித்தாலும் ஈரம் உள்ளேயேதான் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்து நீர் வெளியேறும் தூம்பு அடைபட்டிருக்கலாம், அல்லது தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீட்டின் தரைமட்டம் தாழ்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்த பின், சுவரின் கீழ்ப்பகுதியை மட்டும் நிறம் கலந்த சுண்ணாம்புப் பூச்சில் தனிப் பட்டையாக அமைத்து, உப்பை வாங்கிக்கொண்டு அது உதிரும்போது அந்தப் பட்டையை மட்டும் புதுப்பிக்கலாம். மேசை, அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்த அதிர்ச்சி, ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும்போது தலைக்கு மேல் காத்திருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். கட்டைகளின் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்புபோல் இருக்க, சுவருக்குள் புதைந்த முனை மட்டும் இற்றுப்போயிருக்கும். அதற்காகக் கூரை முழுவதையும் இடித்துக் கான்கிரீட் போடுவானேன்? கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குப்படி, சுவரை ஒட்டி ஓர் இரும்பு உத்திரத்தை ஓடவிட்டு முனைகளை அதன்மேல் தாங்க வைக்கலாம். மின்கம்பிகளையும் விளக்குகளையும் அந்த உத்திரத்தின் மறைவிலேயே கொண்டுபோனால் சுவரைக் கீறவும் வேண்டியதில்லை. அது மரமல்ல, பிற்காலத்து இரும்பு என்று தெரியட்டும், மறைக்காதீர்கள். கடல் கடந்து இரும்பையும் பளிங்கையும் வரவழைத்துக் கட்டிய வீடுகளுக்கு அது அந்நியமும் அல்ல.

தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கற்கள் பாதிக்குமேல் உடைந்திருந்தால், இன்றும் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கிறார்கள் என்றாலும், பழைய நிறம் அச்சாக அமைவது அரிது. ஒட்டுப்போட்டதுபோல் அங்கங்கே செருகுவதைவிட, பிழைத்த கற்களையெல்லாம் ஓர் அறையின் நடுவில் சேர்த்துப் பதித்து, சுற்றிலும் ஒற்றை நிறப் புதுக்கற்களைப் போடுவதே அழகு. பாகப்பிரிவினையின்போது செங்கல் வைத்து அடைத்த வாசல் ஒன்று பூச்சுக்குள் அகப்பட்டால், அதை மீண்டும் மூடிவிடாதீர்கள்; சுவரின் கனமே ஒரு புத்தக மாடத்துக்குப் போதும்.

விலை பேசுவதற்கு முன்பே கூரை முனைகளிலும் சுவர் அடியிலும் சிறு சோதனைத் திறப்புகள் செய்யச் சொல்லுங்கள். எதிர்பாராத வேலைகளுக்காக மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். வெள்ளையடிப்பைச் சுரண்டும்போது அடியில் பழைய சுவரோவியத்தின் வண்ணம் தெரிந்தால், தயவுசெய்து அன்றைக்கு அந்தச் சுவரில் வேலையை நிறுத்திவிடுங்கள். கதவு நிலையோ தூணோ குறைந்தால், புதிதாகச் செய்யச் சொல்வதற்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அளவோடு தேடிப் பாருங்கள். அவை இடிபட்ட வீடுகளின் உதிரிகள் என்பது வருத்தம்தான், ஆனாலும் ஒரு வீட்டில் நின்ற தூண் இன்னொரு வீட்டில் நிற்கட்டும்.