பண்ணைக் காற்றில் கிருமி: சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

கோழிப்பண்ணையிலோ மாட்டுக்கொட்டிலிலோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் எவருக்கும் எழும் முதல் கேள்வி, "காற்றில் எவ்வளவு கிருமி இருந்தால் தப்பு?" அப்படி உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட எண் எதுவும் கிடையாது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாத பூஞ்சை இன்னொருவரை மூச்சுத்திணற வைக்கும், இதில் எங்கே கோடு போடுவது? அதனால் சட்டம் எண்ணை விட்டுவிட்டு முதலாளியின் கடமையைப் பிடித்துக்கொள்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184ஆம் உடன்படிக்கை (2001) விவசாய வேலைக்கென்றே வந்தது. கால்நடை வேலையில் தொற்று, ஒவ்வாமை ஆபத்தைத் தடுக்க வேண்டும் அல்லது முடிந்தவரை குறைக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு நேரடியாக உதவுவது 8ஆம் பிரிவுதான்: வேலையில் என்ன ஆபத்து என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். பெரிய ஆபத்து கண்முன் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லிவிட்டு நீங்கள் அங்கிருந்து விலகலாம், அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது.

சரி, மாஸ்க் காசு யாருடையது? பாதுகாப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்கிறது அதே அமைப்பின், எல்லா வேலைக்குமான பாதுகாப்பு பற்றிய 155ஆம் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு. "துண்டைக் கட்டிக்கோ" என்பதெல்லாம் கணக்கில் வராது, இரண்டு மூன்று மைக்ரான் பூஞ்சை வித்து துண்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஒரு சிக்கல். 184ஆம் உடன்படிக்கை அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும், சொந்தச் சாப்பாட்டுக்காக மட்டும் செய்கிற விவசாயம் அதில் சேராது. 155 அப்படியல்ல, 2022இல் அது அடிப்படை உடன்படிக்கையாகிவிட்டதால் அதன் கொள்கைகளை எல்லா உறுப்பு நாடுகளும் மதித்தாக வேண்டும்.

அப்புறம் இழப்பீடு. கிருமி கலந்த தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி, அந்த அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் நிரூபிப்பதுதான் பாடு. காலையில் பூசணம் பிடித்த வைக்கோல் கட்டைப் பிரித்து உதறுவீர்கள், வெள்ளையாகப் புகை மாதிரி எழும், அப்போது ஒன்றும் தெரியாது. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. சாயங்காலம் பார்க்கிற டாக்டர் ஃப்ளூ என்று எழுதிவிடுவார். என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை நீங்களே சொல்லி, மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.