பச்சிளங்குழந்தையிடம் பிறவித் தொற்று: அறிகுறிகளும் அரசு வழங்கும் இலவசப் பரிசோதனையும்

ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், சிபிலிஸ், டாக்ஸோபிளாஸ்மா போன்ற தொற்றுகள் கருவிலேயே தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைப் பிறவித் தொற்று என்கிறோம். மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டம், பிறந்தவுடன் தேட வேண்டியவையாக 9 குறைபாடுகளை வகுத்தது. அவற்றுள் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகிய மூன்றும், தாய்க்குக் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் ருபெல்லா வந்திருந்தால் குழந்தையிடம் காணக்கூடியவை. தாய்க்கு அது லேசான காய்ச்சலாகவும் தடிப்பாகவும் வந்துபோயிருக்கும் என்பதால் பலருக்கு நினைவிலும் இருப்பதில்லை.

அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிறக்கும் குழந்தையை அங்குள்ள மருத்துவரும் செவிலியரும் பரிசோதிக்க வேண்டும். பின்னர் ஆறு வாரம் வரை ஆஷா பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ வீட்டுக்கு வந்து பார்ப்பர். கருவிழியின் நடுவே வெண்மை, வழக்கத்தைவிடச் சிறிய தலை, தோலில் ஊதா நிறப் புள்ளிகள், உள்ளங்கை உள்ளங்காலில் தோல் உரிதல், வலிப்பு, பால் குடிக்கையில் மூச்சிரைத்து வியர்த்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அவர்கள் வரும் நாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் காமாலையும், இரண்டு வாரம் கடந்தும் நீடிப்பதும் இளவெயிலில் காட்டிச் சரிசெய்யக்கூடியவை அல்ல. இவ்வறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரலாம். எது என்று பரிசோதனையே சொல்லும்.

சைட்டோமெகலோ வைரஸுக்கான சிறுநீர் அல்லது உமிழ்நீர்ப் பரிசோதனையைப் பிறந்த 21 நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதன் பிறகு கிருமி தென்பட்டாலும், அது கருவில் வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். சிபிலிஸ் பெனிசிலினுக்குக் கட்டுப்படும் என்பதால், கர்ப்பகாலத்தில் தாய்க்கு எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவைக் குழந்தையின் மருத்துவரிடம் மறவாமல் காட்டுங்கள்.

குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால், குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவர்; தேவையான அறுவை சிகிச்சை உட்பட, மேற்சொன்ன சிறார் நலத் திட்டத்தில் கட்டணம் இல்லை. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்னும் தாய்சேய் நலத் திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனைகளில் மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து ஆகியவையும் இலவசம்.

தொற்றுள்ள குழந்தைகள் பலரிடம் பிறக்கும்போது எந்த அறிகுறியும் இராது. செவித்திறன் பின்னரும் குறையக்கூடும் என்பதால், தொற்று உறுதியான குழந்தை முதல் சோதனையில் தேறியிருந்தாலும், மருத்துவர் குறித்துத் தரும் நாட்களில் மீண்டும் அழைத்துச் சென்று செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.